பட்டினிக் கல்

ஊதுபத்திப் புகை மேலே போகவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு, வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்த பத்தியைப் பின்னறை ஜன்னல் கட்டையில் குத்தி நிமிர்ந்தபோதுதான் இசக்கிசெல்வி அதைப் பார்த்தாள். புகை ஒரு விரல் உயரம் ஒழுங்காக எழுந்தது. பிறகு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலச் சுவர்ப் பக்கம் திரும்பி, படுத்து, நூலாக நீண்டு, சாம்பல் நிறக் கல்லைத் தொட்ட இடத்தில் இல்லாமலே போயிற்று. ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. சேலைத் தலைப்பால் ஒரு வீசு வீசினாள். புகை கலைந்தது, கூடியது, மறுபடியும் சுவருக்கே போனது. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் இழுத்துப் பார்த்தாள். பத்தி எரிகிறது, வாசனை இல்லை.

ஆரியசாலைக் கடைத்தெருவில் வாசனை இல்லாத ஓர் அறை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இந்தச் சந்தில் விடிந்தால் பெருங்காயம், வெயில் ஏறினால் கருப்பட்டி, மழை பெய்தால் நனைந்த சாக்கும் கருவாடும், எல்லாவற்றுக்கும் மேலே அடுத்த கட்டடத்தில் மிளகாய் மூட்டை அடுக்கிவைக்கிற கோடவுனிலிருந்து வருகிற நெடி. புது ஆள் யாராவது சந்துக்குள் நுழைந்தால் தும்மல் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முன்னறையில் நெடி, அடுக்களையில் நெடி, அலமாரிக்குள் மடித்து வைத்த துணியில் நெடி. பின்னறையில் மட்டும் ஒன்றுமில்லை. நல்லதுதானே என்று இத்தனை நாள் இருந்துவிட்டாள். அந்த நல்லதுக்காகத்தானே அறையே கட்டியது.

கட்டிலில் சுவரை ஒட்டி அனுஷா படுத்திருந்தாள். மூன்றாம் வகுப்பு. முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"மக்ளே, இந்தப் பக்கம் திரும்பிக் கெட."

"இங்க சுகமாயிட்டு இருக்கும்மா," என்றாள் பிள்ளை, சுவரிடம் சொல்வது போல.

பிள்ளைக்குக் கைக்குழந்தையிலிருந்தே இளைப்பு. மிளகாய்த் தூசு பட்டால் போதும், நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்துவிடும். செல்வியும் அந்தக் கோடவுனில் மிளகாய்க் காம்பு கிள்ளப் போகிறவள்தான். எத்தனை குளித்தாலும் தன் உடம்பிலிருந்துதான் பிள்ளைக்கு நோய் ஏறுகிறது என்று ஓர் எண்ணம் அவளுக்கு உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாக விளக்கியிருந்தார். இந்த நோய்க்காரர்களுக்குக் காற்று உள்ளே போவதில் அவ்வளவு கஷ்டமில்லை, போனதை வெளியே விடத்தான் பாடு. விட முடியாமல் நெஞ்சு நிறைந்து நிறைந்து முட்டும். அதனால் தினமும் ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டு ஊதிக் குமிழி விடச் சொல்லுங்கள். அதைப் பிள்ளை விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தாள்.

பின்னறை யோசனை புருஷன் பகவதிப்பெருமாளுடையது. மிளகாய்க் கோடவுனுக்கு எதிர்ப்பக்கமாக, முற்றத்தின் கடைசியில், இடிந்து கிடந்த விறகுப் புரையை எடுத்துவிட்டுப் பிள்ளைக்கு ஓர் அறை. கல் அவன் வேலை பார்க்கும் இடத்திலிருந்தே வந்தது. அது ஊருக்கு வெளியே உள்ள கல் கம்பெனி. ஆனால் சாதாரணக் கல் இல்லை. இரும்பு உருக்கும் ஆலைகளில் மிஞ்சுகிற கசடு, வெல்டிங் காஸ் உண்டாக்குகிற இடங்களில் மலையாகக் குவிகிற சுண்ணாம்புச் சகதி, யாருக்கும் வேண்டாத இந்த இரண்டையும் லாரியில் கொண்டுவந்து பொடித்துக் கல்லாக அழுத்துவார்கள். பிறகு இரும்பு அறைக்குள் அடுக்கிக் கதவை இறுக்கிக் கரியமில வாயுவைத் திறந்துவிடுவார்கள். கல் அதைக் குடிக்கும். குடித்தால்தான் கெட்டியாகும். குடித்தது குடித்ததுதான், திரும்ப வெளியே வராது.

"உலகத்துக்கு வேண்டாத காத்தை இது வாங்கி வச்சுக்கிடும், கேட்டியா," என்று அவன் கல்லைத் தட்டிக் காட்டியபோது செல்வி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கம்பெனிக்காரன் சும்மா தருவானா?"

"ரிஜெக்ட் கல்லாக்கும். மூலை உடைஞ்சது. எல்லாவனும்தான் வீட்டுக்கு எடுக்கான்."

தார்ப்பாய் மூடி வேனில் வந்த கல்லை அவளும் சேர்ந்துதான் இறக்கினாள். ஒரு கல்லுக்குக்கூட மூலை உடைந்திருக்கவில்லை. கையில் பிடித்தால் மாவு மாதிரி லேசாக உதிர்ந்தது. அன்றைக்கே அவளுக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. பொய் சொல்லும்போது பகவதிப்பெருமாள் காதைத் தடவுவான், அன்றும் தடவினான். ஆனால் அறை எழுந்தது. பெயின்ட் வாடை பிள்ளைக்கு ஆகாது என்று உள்ளே பூசவும் இல்லை, அடிக்கவும் இல்லை; வெறும் கல். மேலே தகரம். பிள்ளை குடிபோன அன்றைக்கு இன்ஹேலரை எடுத்தாளே, பிறகு அது அலமாரியில் தூசு படிந்து கிடக்கிறது.

பூனை கத்தவில்லை. அதுதான் செல்விக்குப் பிடிக்காமல் போயிற்று.

யாரிடம் சொல்ல முடியும்? பிள்ளைக்கு நோய் இல்லை என்று எந்த அம்மாவாவது வருத்தப்படுவாளா? ஆனால் எட்டு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியவள் அவள். நெஞ்சுக்குள் விசில் எந்த உயரத்தில் இருந்தால் சுடுதண்ணீர், எந்த உயரத்தில் இருந்தால் ஆட்டோ என்று தூக்கத்திலேயே கணக்குத் தெரியும். இப்போது பிள்ளையின் பக்கத்தில் படுத்துக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கிடந்தால், ஓடைத் தண்ணீர் மாதிரி காற்று உள்ளே போகிற மெல்லிய சத்தம் வருகிறது, சின்ன நெஞ்சு எழுகிறது, பிறகு நெஞ்சு இறங்குகிறது, ஆனால் இறங்குகிறபோது சத்தம் இல்லை, மூச்சு வருகிற சத்தம் எங்கேயும் இல்லை, அடுத்தது மறுபடி உள்ளே போகிற சத்தம்தான் கேட்கிறது. உள்ளே. உள்ளே. உள்ளே. போனதெல்லாம் எங்கே?

புறங்கையைப் பிள்ளையின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவே நீட்டிப் பார்த்தாள். வெதுவெதுப்பாக ஏதாவது பட வேண்டும். பட்டது வேறு. கையில் இருந்த பூனைமயிர் எல்லாம் சுவர்ப் பக்கம் சாய்ந்து நின்றது. கையை உதறி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

காலையில் பகவதிப்பெருமாளிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ஏட்டி, பிள்ளைக்கு இளைப்பு இல்லல்லா? பின்ன என்னத்துக்கு இந்த ஆராய்ச்சி?"

"மூச்சு விடுத சத்தமே இல்லங்க."

"நல்லா விடுத ஆளுக்குச் சத்தம் வராது. நீ குறட்டை விடுதல்லா, அதனால ஒனக்கு எல்லாரும் விடணும்." காதைத் தடவிக்கொண்டே செருப்பை மாட்டினான்.

கட்டில் ஒவ்வொரு காலையும் சுவரோடு ஒட்டியிருக்கும். அவள் இழுத்துப் போடுவாள். மறுநாள் ஒட்டியிருக்கும். பிள்ளை நகர்த்துகிறாள் என்று வைத்துக்கொண்டாள். அந்தத் தேக்குக் கட்டிலைப் அவளே மூச்சைப் பிடித்து இழுத்தால்தான் அசைக்க முடியும் என்பதை யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

காலவர்ஷ மழைக்கு முன்னால் வெளிச்சுவரில் ஈரம் இறங்கக் கூடாது என்று பகவதிப்பெருமாள் வாட்டர்புரூஃப் பெயின்ட் வாங்கி வந்தான். இந்த ஊரில் வீடு வைத்திருக்கிற எல்லாரும் செய்வதுதான். ரப்பர் மாதிரி தடிப்பாக இரண்டு கோட்டிங். வெளிப்பக்கம் ஓர் ஊசி நுழைகிற இடம் விடாமல் அடைத்தான். வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆள். அன்றைக்குப் பிறகுதான் அறைக்குள் போனால் செல்விக்குக் காது அடைக்க ஆரம்பித்தது, பொன்முடி மலைக்குப் பஸ் ஏறும்போது அடைக்குமே, அப்படி. கதவைத் திறந்து வைத்தால் தானாகச் சாத்திக்கொள்ளும். எப்போதும் உள்ளே பார்த்துத்தான் சாத்தும்.

பிள்ளையின் குரல் மாறியதும் அப்போதுதான்.

முதலில் சளி என்று நினைத்தாள். குரல் சன்னமாகி, கரகரத்து, ஒவ்வொரு சொல்லும் தேம்பல் மாதிரி வந்தது. அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று "அம்மா" என்றாள் பிள்ளை. செல்வி கரண்டியை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். "இன்னொருக்கா கூப்பிடு மக்ளே." பிள்ளை கூப்பிட்டாள். வாயைப் பார்த்துக்கொண்டே நின்ற செல்விக்கு அப்போது தெரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டே பேசுகிறாள். சொல் வெளியே வரவில்லை, உள்ளே போய்க்கொண்டிருந்தது.

தோசை கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு, தம்ளரில் தண்ணீர் எடுத்து ஸ்ட்ரா போட்டு நீட்டினாள்.

"ஊது. குமிழி விடு, பாப்போம்."

பிள்ளை உதட்டைக் குவித்து வைத்தாள். கண்ணை இடுக்கி, கன்னத்தை உப்பி முயற்சி செய்தாள். குமிழி வரவில்லை. தம்ளரில் தண்ணீர்தான் குறைந்தது.

"மறந்து போச்சும்மா," என்றது பிள்ளை, உள்ளிழுத்துக்கொண்டே. அதைக் கஷ்டமாகவோ பயமாகவோ சொல்லவில்லை. வாய்ப்பாடு மறந்து போனதைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

கட்டினவன் மேல்தான் செல்விக்குச் சந்தேகம் திரும்பியது. என்ன கொண்டுவந்து என் பிள்ளையைச் சுற்றி அடுக்கினான் இவன்? அவனைக் கேட்டால் காதைத் தடவுவான். அவனோடு கம்பெனியில் வேலை பார்க்கிற சுஜின், பாறசாலைப் பையன், கடைச் சாமான் வாங்க ஆரியசாலைக்கு வருவான். அன்றைக்குக் கோடவுன் வாசலில் அவனைப் பிடித்து நிறுத்தினாள்.

"சுஜினே, ஒளிக்காமச் சொல்லணும். எங்க வீட்டுக்கு வந்தது என்ன கல்லு?"

"அது... ரிஜெக்ட் கல்லு சேச்சி."

"மூலை உடையலியே."

சுஜின் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "அண்ணன்கிட்டச் சொல்லாண்டாம். ஒரு நாள் கரண்டு போச்சு. காஸ் அறை ஓடல. அன்னைக்கு அடிச்ச கல்லு எல்லாம் காஸ் குடிக்காமலே காஞ்சு போச்சு. நாங்க அதைப் பட்டினிக் கல்லுன்னு சொல்லுவோம். திரும்பப் பொடிச்சிரணும்னு ஆர்டர். அண்ணன் பொடிச்சிட்டேன்னு சொல்லிட்டு வேன்ல ஏத்திட்டாரு. பிள்ளைக்காக்கும்னு சொன்னாரு, நானும் ஒண்ணும் மிண்டல."

"பட்டினிக் கல்லுன்னா என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது சேச்சி. அதுக்குப் பலம் கெடயாது. விரலால அமுக்குனாலே பொடியும்," என்று சிரித்தான்.

"நேத்து அந்தச் சுவர்ல காலண்டர் மாட்ட ஆணி அடிச்சேன்," என்றாள் செல்வி. "ஆணி வளைஞ்சு போச்சு."

சுஜின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மிளகாய் நெடியில் அவனுக்குக் கண் கலங்கியிருந்தது, துடைக்கவில்லை.

"அப்பம் அது எங்கயிருந்தோ காஸ் குடிச்சிருக்கு," என்றான்.

மறுநாள் மழைக்காகக் கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார். விடியவே இல்லை என்பது போல வானம் கிடந்தது. பகவதிப்பெருமாள் ரெயின்கோட்டோடு வேலைக்குப் போன பிறகு, செல்வி கோடவுனுக்குப் போகவில்லை. வேனில் கல்லை மூடி வந்த நீலத் தார்ப்பாய் மடித்து வைத்தபடி இருந்தது. முன்னறையில் பிள்ளையைப் படம் வரைய உட்காரவைத்துவிட்டு, தார்ப்பாயை எடுத்துப் பின்னறைச் சுவர் நாலிலும் உள்பக்கமாகச் சுற்றி, விளிம்பெல்லாம் டேப் ஒட்டி, மேலே தகரத்துக் கம்பியில் கட்டினாள். மனசில் ஒரு தெளிவு. குடிக்கிறாயா, குடி. இனி என்ன குடிப்பாய் என்று பார்க்கிறேன்.

தார்ப்பாய் தொளதொளவென்று தொங்கியது. அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே, ஈரத்துணியை உதறுவது போல ஒரு சின்னச் சத்தம். தார்ப்பாயின் கீழ்மூலை சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு அதற்கு மேலே. பிறகு பக்கத்தில். சுருக்கம் ஒவ்வொன்றாக நீங்கியது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள கோடெல்லாம் நீலத்தில் எழும்பித் தெரிந்தது. கட்டிலுக்கு நேரே, பிள்ளை தலைவைக்கிற இடத்தில் மட்டும் தார்ப்பாய் குழிந்தது. குழிந்து, இறுகி, நின்றது.

முன்னறையில் தம்ளர் விழுந்தது.

அவள் ஓடினாள். பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தாள், வாய் திறந்திருந்தது. நெஞ்சு எழுந்தது. இறங்கவில்லை. அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் எழுந்தது. இறங்கவில்லை. கழுத்துக் குழி உள்வாங்கியது, தோள் காதுவரை தூக்கிக்கொண்டது, இன்னும் ஒரு இழுப்பு, இன்னும் ஒரு இழுப்பு. விசில் இல்லை. பூனை இல்லை. எல்லாம் உள்ளேதான்.

"விடு மக்ளே! வெளிய விடு! ஊது!"

பிள்ளை அவளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். எப்படி என்று கேட்கிற கண்.

இன்ஹேலரைத் தேடி எடுத்து அழுத்தினாள். அதுவும் உள்ளே போயிற்று. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்கு ஓடினாள். முழங்கால் அளவுத் தண்ணீர். சந்து முனையில் ஆட்டோ இல்லை. ஒரு மினி லாரி தண்ணீரில் நின்றுபோய்க் கிடந்தது. பிள்ளையின் உதடு நாவல்பழ நிறம். விலா இரண்டும் விரிந்து, சட்டைப் பட்டன் ஒன்று தெறித்துப் போனது. செல்வி மழையில் நின்றபடியே தன் வாயைப் பிள்ளையின் வாயில் வைத்து இழுத்தாள். உயிரே வருகிற மாதிரி இழுத்தாள். கொஞ்சம் வந்தது. குளிர்ந்த காற்று. ஈரச் சுண்ணாம்பு ருசி. அவ்வளவுதான் வந்தது, பிள்ளை மறுபடியும் இழுத்துக்கொண்டாள்.

என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் அவள் திரும்பி ஓடினாள். அறைக்குள் போய், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, ஒரு கையால் தார்ப்பாயைப் பிடித்துக் கிழித்தாள். அது தோல் உரிகிற சத்தத்தோடு வந்தது. பிள்ளையின் வாயைக் கல்லில் வைத்தாள்.

நெஞ்சு இறங்கியது.

மெதுவாக, முழுசாக இறங்கியது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். செல்வி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். என் பிள்ளை, என் பிள்ளை என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. சனியன், இது எதை வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளட்டும், பிள்ளை மூச்சு விட்டால் போதும்.

ஆனால் அடுத்த மூச்சு அவ்வளவு லேசாக இறங்கவில்லை. அதற்கு அடுத்தது, பாதியில் நின்று, பிறகு இறங்கியது. அவள் பிள்ளையின் வாயைப் பக்கத்துக் கல்லுக்கு மாற்றினாள். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. பிறகு அங்கேயும் இழுபறி. மாற்றினாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். கிழக்கேகோட்டை முழுக்க வெள்ளம், வண்டி சுற்றித்தான் வரும், நேரமாகும் என்றார்கள். புருஷனுக்குப் போன் செய்தாள். அவன் வந்தபோது ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் கம்பெனியில் வைத்திருக்கிற ஸ்பிரே பாட்டில். அவள் போனில் சொன்னதை அவன் எந்த மறுகேள்வியும் இல்லாமல் நம்பியிருந்தான். அதுவே அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"ஒனக்குத் தெரியுமா? தெரிஞ்சா வச்சே?" முதல் தடவையாக அவனை ஒருமையில் கேட்டாள்.

"சத்தியமா இல்லட்டி. எனக்க பிள்ளைக்காக்கும் கெட்டினேன். வெளிய அடைச்சதுதான்... வெளியருந்து குடிச்சிட்டு இருந்துச்சு. நான்தான் அடைச்சிட்டேன். உள்ள பாத்துக் குடிக்கும்னு நினைக்கவே இல்ல." அவன் கை காதுக்குப் போகவில்லை.

"அந்தப் பாட்டில் என்னத்துக்கு?"

"கல்லு குடிச்சு முடிச்சாச்சான்னு பாக்குத மருந்து. பட்டினியா இருந்தா ரோஸ் நிறம் வரும். வயிறு நிறைஞ்சிருந்தா ஒண்ணும் வராது."

அவன் அதைச் சுவரில் பீய்ச்சி அடித்தான். கட்டிலுக்கு நேரே. தண்ணீர் மாதிரி வழிந்தது, நிறம் வரவில்லை. அதற்கு மேலே அடித்தான், வரவில்லை. எதிர்ச்சுவர். ஜன்னல் சுவர். கதவுச் சுவர். எல்லாம் சாம்பல். பகவதிப்பெருமாள் வேகவேகமாக அடித்துக்கொண்டே போனான், மேசைமேல் ஏறினான், எட்டி அடித்தான். கூரைக்கு அடியில், கடைசி வரிசையில், ஒரு கல்லும் அதன் பக்கத்துக் கல்லில் பாதியும் செம்பருத்திப் பூவாகச் சிவந்தன.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டினியாக இருக்கிறதே என்று நேற்றிலிருந்து பயந்தவள், வயிறு நிறைந்துபோயிற்றே என்று இப்போது நடுங்கினாள்.

"நிறைஞ்சா?"

"பின்ன குடிக்காது."

பிள்ளையின் நெஞ்சு எழுந்தது. நின்றது. அவன் பிள்ளையை வாங்கி, மேசைமேல் ஸ்டூலைப் போட்டுச் செல்வியை ஏறச் சொல்லி, அவள் கையில் பிள்ளையை ஏற்றிவிட்டான். உதடு ரோஸ் நிறத்தைத் தொட்டதும் நெஞ்சு இறங்கியது.

"கம்பெனியில கல்லு அடிச்சு முடிச்ச உடனே கரண்டு போச்சு," என்றான் அவன், கதவில் நின்று. "இன்னைக்கு அடிச்ச கல்லு முழுக்கப் பட்டினியாத்தான் இருக்கும். சுஜின்கிட்ட வேன் இருக்கு. ஏத்திட்டு வந்திருதேன். பிடிச்சுக்கோட்டி. விட்டிராதே."

"சீக்கிரம் வாங்க."

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற ஸ்கூட்டர் சத்தம். பிறகு மழை மட்டும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளவில்லை, திறந்தே கிடந்தது. அந்த வழியாக மிளகாய் நெடி மெல்ல உள்ளே வந்தது. இந்த அறைக்குள் முதல் தடவையாக. செல்விக்குத் தும்மல் வந்தது. அடக்கினாள். அசைந்தால் ஸ்டூல் ஆடும்.

பிள்ளை கனத்தாள். இடுப்புக்குக் கீழே இரண்டு கையாலும் அணைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள் செல்வி. தோள் எரிந்தது. தகரம் தலைக்கு மேலே அதிர்ந்தது. உதட்டைச் சுற்றி ரோஸ் நிறம் வெளுத்துக்கொண்டு வந்தது. நடுவில் முதலில். பிறகு ஓரம். பக்கத்துப் பாதிக் கல்லுக்கு மாற்றினாள். அங்கே கொஞ்சம். ஒரு உள்ளங்கை அளவு.

சந்தில் வண்டிச் சத்தம். இல்லை, ஓடையில் தண்ணீர்.

ஒரு மூச்சு. நிறம் சுருங்கியது. இன்னொரு மூச்சு. ஒரு பொட்டு அளவு. அதுவும் தகரம் சுவரில் உட்காருகிற விளிம்பில். அதற்கும் எட்டவில்லை. நுனிக்காலில் நின்றாள். பிள்ளையின் உச்சி தகரத்தில் இடித்தது. முகத்தைச் சாய்த்து, கன்னத்தைத் தகரத்துக்கும் கல்லுக்கும் நடுவே செருகி, உதட்டை நீட்டி, பிள்ளை தொட்டாள். நெஞ்சு பாதி இறங்கியது.

செல்வியின் கைக்குள் அந்த விலா மறுபடி விரிந்தது. விரிந்துகொண்டே போனது. இறங்கவில்லை.

"அம்மா," என்றாள் பிள்ளை, உள்ளே இழுத்துக்கொண்டே. "இன்னும் கொஞ்சம் மேல தூக்கும்மா."

மேலே தகரம்தான் இருந்தது. செல்வி தூக்கினாள்.